கையில் கட்டிய கருவிக்குக் கனம் தெரியாது

நான் செய்கிற வேலையை, மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாரிடமாவது விளக்கினால் முதலில் சிரிப்பார்கள். யாரோ ஒருவர் கையிலோ இடுப்பிலோ ஒரு வாரம் கட்டிக்கொண்டு திரிந்த கருவியிலிருந்து எண்கள் வரும். அவற்றைச் சுத்தம் செய்து, அந்த ஆள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், நடந்தார், தூங்கினார் என்று பிரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வீட்டிலிருந்தபடியே கணினியில் செய்கிறேன். "இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கிறான்?" என்று மார்க்கெட்டில் ஒருவர் கேட்டார். கொடுக்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது.

உடலசைவைப் பற்றி வாயால் கேட்டால் வரும் பதில் ஒன்று, கருவி சொல்வது வேறொன்று. அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வில் 2003-2004இல் ஆயிரக்கணக்கானவர்களின் இடுப்பில் ஆக்டிகிராஃப் என்ற கருவியைக் கட்டி அனுப்பினார்கள். அந்தத் தரவை வைத்து ரிச்சர்ட் ட்ராயானோவின் குழு 2008இல் ஒரு கணக்கு வெளியிட்டது. நாளுக்கு 30 நிமிடம் என்ற பரிந்துரையை எட்டிய பெரியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லை. அதே நாட்டில் கேள்வித்தாளை நீட்டினால் ஏறக்குறைய பாதிப்பேர் 'நான் போதுமான அளவு அசைகிறேன்' என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போன வாரம் எத்தனை நிமிடம் மூச்சு வாங்க வேலை செய்தீர்கள் என்று என்னைக் கேட்டால் நானும் குத்துமதிப்பாகத்தான் சொல்வேன்.

ஆகவே கருவி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குள்ள சண்டை வேறு. கருவி தரும் எண்ணுக்கு நாம் வைக்கிற பெயரோடுதான் அது.

கருவிக்குள் நடப்பது எளிமையான விஷயம். சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு எடை மெல்லிய கால்களில் தொங்கிக்கொண்டிருக்கும். பஸ் சட்டென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வாரே, அப்படிக் கை அசையும்போது அந்த எடை ஒரு கணம் பின்தங்கும். பக்கத்துத் தகடுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும், மின்தேக்கமும் மாறும். அந்த மாற்றத்தை மூன்று திசைகளில் நொடிக்கு 100 முறை குறித்துக்கொள்கிறது கருவி. ஒரு வாரத்துக்கு ஆறு கோடி வரிகளுக்கு மேல் சேர்ந்துவிடும். அசையாமல் மேசைமேல் வைத்தாலும் அது ஒரு ஜி காட்டும், அது பூமியின் இழுப்பு. அந்த ஒன்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை அசைவு என்று எடுத்துக்கொள்வது இப்போது பரவலாக உள்ள வழி. மிச்சத்தை மில்லி-ஜி, அதாவது ஒரு ஜியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கணக்கில் சொல்வோம். மணிக்கட்டில் கட்டிய கருவியில் சுமார் 100 மில்லி-ஜி தாண்டினால் 'மிதமான உழைப்பு' என்று பெயர் வைப்பது வழக்கம்.

இந்தப் பெயரை வைத்துக்கொண்டு என் அத்தையின் கையைப் பார்த்தபோதுதான் வம்பு தொடங்கியது.

வெளியூர்க்காரர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே பழைய சாலையில் இருக்கிறது சுங்கை சிப்புட். பள்ளிப் பாடத்தில் எங்கள் ஊர் வருவது 1948 ஜூன் 16ஆம் தேதிக்காக. அன்றைக்கு எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட, அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமானது. ஊரைச் சுற்றி அப்போது ரப்பர்தான். இப்போது பெரும்பகுதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, மீதி தாமான் எனும் குடியிருப்பு வீடுகள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்கள் டவுனுக்கு வந்துவிட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுவது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆனாலும் ஊர் ஓரத்தில் அங்கங்கே சின்னச் சின்ன ரப்பர்த் தோட்டங்கள் மிச்சம் இருக்கின்றன. அப்படி ஒன்றை, ஒரு மலாய்க்காரப் பெரியவருடையது, அத்தை விளைச்சலில் பங்குக்குப் பால் வெட்டுகிறார். பதினாறு வயதில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போகத் தொடங்கியவர். அறுபதைத் தாண்டியும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "சும்மா உக்காந்தா காலு வீங்குது" என்பது அவர் சொல்லும் காரணம். பங்குக் காசும் ஒரு காரணம், அதை அவர் சொல்வதில்லை.

அவர் கையில் நான் கட்டியது ஆக்ஸிவிட்டி ஏஎக்ஸ்3. பிரிட்டனின் யூகே பயோபேங்க் ஆய்வில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வாரம் கட்டியிருந்த அதே ரகம். எடை 11 கிராம். திரை கிடையாது.

"என்னா தம்பி இது, மணிகூட காட்ட மாட்டுது?"

"மணி பாக்க இல்ல அத்தே. நீங்க எப்படி வேலை செய்றீங்கன்னு பாக்க."

"அதுக்கு நீ வந்து நின்னு பாக்கலாமே. கொசு கடிக்கும்னு பயமா?"

உண்மையைச் சொன்னால், ஆமாம்.

வெட்டுக்கத்தி பிடிக்கிற வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. எந்தக் கையில் கட்டுகிறோம் என்பதே பெரிய விவகாரம். பயோபேங்க் பழக்கக்கையில் கட்டியது. அமெரிக்க ஆய்வு 2011இல் இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்கு மாறியபோது மற்றக் கையைத் தேர்ந்தெடுத்தது. ஆபீசில் தட்டச்சு செய்பவருக்கு இது சின்ன வித்தியாசம். பால் வெட்டுபவருக்கு அப்படி இல்லை.

திரையில் விரித்துப் பார்த்தால் அத்தையின் விடியற்காலை ஒரு ஒழுங்கில் ஓடுகிறது. ஒரு மரத்துக்கு இருபது நொடிபோல. முதலில் நடை, மூன்று நான்கு அலை. பிறகு ஒரு வெடுக், அது வெட்டுத் தடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்து இழுப்பது. அடுத்து ஒரே சீராக, சின்னச் சின்ன இழுப்புகள், ஏழெட்டு நொடிக்கு. அவைதான் வெட்டு, பட்டையைக் கீழ்நோக்கிச் சீவிக்கொண்டே போவது. கடைசியில் கை ஒருமுறை புரளும், பால் வடியும் கிண்ணமான மங்கு என்பதை நேராக்கி வைக்கிறார். மறுபடி நடை. பூமியின் இழுப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வைத்து முன்கையின் சாய்வைக் கணிக்கலாம். ஆகவே வெட்டுத் தடம் முழங்காலளவு இறங்கிவிட்ட மரங்கள் எவை, நெஞ்சளவில் இருப்பவை எவை என்றுகூட நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட முடிகிறது. கீழ்த்தடம் வரும்போதெல்லாம் இடுப்பு வளைகிறது என்று அர்த்தம். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மட்டுப்படும் என்பதால் விடிவதற்கு முன்பே இறங்கிவிடுகிறார். வெளிச்சம் வந்த பிறகு மரத்துக்கு மரம் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. களைப்பு அது. கருவியில் நான் மிகவும் நம்புகிற பகுதி இதுதான். பச்சைத் தரவு பொய் சொல்வதில்லை.

சரி, இதற்குப் பெயர் வைக்கப் போனால் என்ன ஆகிறது?

பழைய விதிப்படி, மிதமான உழைப்பு என்றால் அது பத்து நிமிடமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். ஓரிரு நிமிடம் தொய்வு இருக்கலாம், அவ்வளவுதான். ஏன் பத்து? மக்களுக்குச் சொல்ல எளிது, ஜாக்கிங் போகிறவருக்குப் பொருந்தும். பால் வெட்டுபவர் இருபது நொடிக்கு ஒருமுறை நிற்கிறார். நிமிடச் சராசரி எடுத்தால் நடையும் நிறுத்தமும் கலந்து, மிதமான உழைப்பு தொடங்கும் எல்லைக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடுகிறது. நாலு மணி நேரம் மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் போன ஒருவருக்குப் பழைய விதி கொடுப்பது கிட்டத்தட்டப் பூஜ்யம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்தப் பத்து நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது அப்படியே இருக்கிறது, ஆனால் எந்த நிமிடமும் கணக்கில் சேரும். நல்ல முடிவு. ஆனால் அதற்கு முன்பு வந்த கட்டுரைகளில் அத்தையைப் போன்றவர்கள் எங்கெங்கே பூஜ்யமாகக் கிடக்கிறார்களோ.

அடுத்தது கோடு. இடுப்புக் கருவிக்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட கோடு, நிமிடத்துக்கு 1952 எண்ணிக்கை (ஒரு நிமிட அசைவைக் கூட்டிக் கருவி தரும் எண்). பேட்டி ஃப்ரீட்சனும் கூட்டாளிகளும் 1998இல் கொடுத்தது. 50 பேரை ட்ரெட்மில்லில் ஏற்றி, மூன்று வேகங்களில் நடக்கவும் ஓடவும் விட்டு, மூச்சுக்காற்றில் ஆக்சிஜனை அளந்து கண்டுபிடித்தார்கள். நேர்மையான வேலை. அதில் சொன்னதற்குமேல் அவர்கள் எதையும் உரிமை கொண்டாடவும் இல்லை. பின்னால் வந்தவர்கள்தான் அந்த 1952ஐ எடுத்து எல்லார் இடுப்பிலும் ஒட்டினார்கள். வழுவழுப்பான பட்டையில் நேராக நடப்பதற்குப் போட்ட கோட்டை, ஈர மண்ணில் குனிந்து நிமிர்கிறவருக்குப் போட்டால்? குனிந்து வெட்டும்போது இடுப்பு ஏறி இறங்குவதே இல்லை. கருவியின் பார்வையில் அவர் சும்மா நிற்கிறார்.

இப்போதெல்லாம் கோட்டை விட்டுவிட்டு, கணினிக்குப் பழக்கிக் கொடுத்து இன்னது நடை, இன்னது உட்காருவது என்று கண்டுபிடிக்க வைக்கிறார்கள். ஆக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 151 பேரின் கையில் கருவியும் உடம்பில் கேமராவும் மாட்டி, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கணத்துக்கும் பெயர் எழுதி ஒரு தொகுப்பு செய்திருக்கிறார்கள். கேப்சர்-24 என்று பெயர். நான் தினமும் புரளும் தரவு அது, அருமையான வேலை. ஆனால் ஆக்ஸ்போர்ட்ஷையரில் ரப்பர் மரம் எங்கே இருக்கப்போகிறது? அதை வைத்துப் பழகிய நிரலிடம் அத்தையின் காலையைக் கொடுத்தேன். பெரும்பகுதியை இலேசான வீட்டு வேலை என்றது. கோபம் வரவில்லை. தெரிந்ததைத்தானே அது சொல்லும்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், எதிர்ப்பக்கத்திலும் வேடிக்கை உண்டு. என் சித்தி மகன் உருமி மேளம் அடிப்பவன். தைப்பூசத்துக்குப் பயிற்சி எடுக்கும்போது அவன் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தேன். நின்ற இடத்தில் நின்று அடித்தவனுக்குக் 'கடும் உழைப்பு' என்று வந்தது. ரொட்டி சானாய் வீசுகிறவருக்குக் கட்டினாலும் இதே கதைதான் நடக்கும். மோட்டாரில் செம்மண் சாலையில் போகும் அதிர்வை மட்டும் வடிகட்டி ஓரளவு தள்ளிவிடலாம், அது உடலசைவைவிடப் படபடவென்று இருக்கும்.

பத்தாயிரம் அடி விவகாரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன், இல்லையென்றால் யாராவது கேட்பார்கள். அது 1965இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் விற்ற ஒரு அடியளவியின் பெயரிலிருந்து வந்தது. ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல. ஐ-மின் லீ குழு சராசரி 72 வயதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து 2019இல் வெளியிட்ட கணக்கில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு 41 விழுக்காடு குறைவு. 7,500க்கு மேல் பெரிதாக ஏறவில்லை. தாமான் பூங்காவில் பத்தாயிரம் எட்டவில்லையே என்று இரவில் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கும் என் பக்கத்து வீட்டு அண்ணன் இதைப் படிக்கட்டும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

அத்தை வாளியில் பால் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோவதில்லை. அது தோட்டக் காலம். இப்போது சிறு தோட்டக்காரர்களில் பலரும் செய்வதுபோல, மங்கிலேயே பாலை உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்கிறார். சில வெட்டுகள் கழித்து ஒரு நாள் அந்தக் கட்டிகளை எல்லாம் மங்கிலிருந்து பிடுங்கிச் சாக்கில் போட்டுச் சாலை ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாற்றம் அடித்தால் மூன்று வீடு தள்ளித் தெரியும். சாக்கு நிரம்பினால் முப்பது நாற்பது கிலோ இருக்கும். முழுச் சாக்கைத் தூக்க முடியாமல் பாதி பாதியாகத் தோளில் போட்டு, இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சறுக்காமல் அடி அடியாக எடுத்து வைத்து இறங்குகிறார். மீதிக்குத் தள்ளுவண்டி. அந்த நாளில் ராத்திரி அவரால் தரையில் உட்கார முடியாது. "இடுப்பு ஒடியுது தம்பி, வெட்டுற நாளு இதுக்குத் தேவலாம்" என்பார்.

கருவி என்ன சொல்கிறது? கட்டிப்பால் பிடுங்கும் நாளில் அத்தை வெட்டு நாளைவிடக் குறைவாக உழைத்தார் என்கிறது. ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. காரணம் புரியக்கூடியதுதான். சாக்கின் வாயைப் பிடித்த கை வீசாது. தள்ளுவண்டியின் கைப்பிடியில் இருக்கும் மணிக்கட்டு ஆடாது. கடையில் தள்ளுவண்டியோடு நடக்கிறவர்களுக்கும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கும் கைக்கடிகாரம் அடியைக் குறைத்து எண்ணுவது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த குறை. சுமை ஏறினால் நடையும் மெதுவாகும். முடுக்கத்தை அளக்கும் கருவிக்கு முடுக்கம் மட்டும்தான் தெரியும். வெறுங்கையோடு நடப்பதும் இருபது கிலோவோடு நடப்பதும் அதற்கு ஒன்று. சில சமயம் சுமையோடு நடப்பதே குறைவு.

இதயத் துடிப்பையும் சேர்த்து அளந்தால் என்ன என்று கேட்கலாம். கேம்பிரிட்ஜ்காரர்கள் 2004 முதலே மார்பில் ஒட்டும் ஒரு கருவியில் துடிப்பையும் அசைவையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டு வருகிறார்கள். சுமையைத் துடிப்பு காட்டிக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மரநிழலில் சும்மா நின்றாலே துடிப்பு ஏறும். காட்டுப்பன்றி குறுக்கே ஓடினாலும் ஏறும். கடைகளில் விற்கும் கைக்கடிகாரங்களைப் பொறுத்தவரை, ஸ்டான்ஃபோர்டில் 60 பேரை வைத்து ஏழு ரகங்களைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். துடிப்பை ஆறு ரகங்கள் ஐந்து விழுக்காட்டுக்குள் சரியாகச் சொல்லின. செலவான சக்தியில் மிகச் சிறந்த ரகமே 27 விழுக்காடு தவறியது, மோசமானது 93. அந்தக் கலோரி எண்ணைப் பார்த்துக் கூடுதலாக ஒரு தே தாரேக் குடிக்கிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

அன்றாடம் நடமாடுகிறவரின் சக்திச் செலவை அளக்க மிகவும் நம்பகமான வழி, இரட்டைக் குறியிட்ட நீர். கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதிப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் உடல் எவ்வளவு எரித்தது என்று தெரியும். ஆனால் விலை அதிகம், மொத்தக் கணக்குதான் கிடைக்கும், எந்த நாளில் எவ்வளவு என்று வராது. அத்தையிடம் கேட்டுப் பார்க்கும் துணிச்சலும் எனக்கு இல்லை.

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களின் தலைவலி, ஊருக்கு என்ன என்று கேட்பீர்கள். மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர். அத்தைக்கும் உண்டு. ஒரு மருத்துவ முகாமில் அவரை "எக்சசைஸ் செய்றீங்களா?" என்று கேட்டார்கள். "இல்ல" என்றார். கட்டத்தில் டிக் அடித்து, தினமும் நடக்கச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். அன்றைக்குக் காலையில்தான் அவர் கட்டிப்பால் இறக்கிவிட்டு வந்திருந்தார். கேள்வித்தாளும் அவரைப் பார்க்கவில்லை, அதற்கு மாற்றாக வந்த கருவியும் பார்க்கவில்லை.

வேலை செய்கிறவர்தானே, அந்த உழைப்பே போதுமே என்று நானும் முதலில் நினைப்பேன். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. பீட்டர் குனனும் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மேனும் இன்னும் சிலரும் 2018இல் பதினேழு ஆய்வுகளை, ஒரு லட்சத்து 93 ஆயிரம் பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வேலையில் உடல் உழைப்பு அதிகமுள்ள ஆண்களுக்கு, குறைவாக உள்ளவர்களைவிட முன்கூட்டிய இறப்பு ஆபத்து 18 விழுக்காடு அதிகம். பூங்காவில் நடப்பது காக்கிறது, வேலையில் சுமப்பது காக்கவில்லை. சுமப்பது நாள் முழுக்க ரத்தக் கொதிப்பை ஏற்றி வைக்கிறது, நினைத்தபோது நிறுத்த முடியாது, மறுநாள் வருவதற்குள் உடம்பு தேறுவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. சுமக்கிறவர் ஏழை, ஏழைக்கு மற்ற எல்லாமும் குறைவு, அதைச் சரியாகக் கழிக்கவில்லை என்கிறார்கள். எனக்கு இரண்டாவது பேச்சின்மேல்தான் சாய்வு. லயத்துத் தண்ணீரையும் சம்பளத்தையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டு தரப்பும் வைத்திருக்கும் தரவில் பெரும்பகுதி கேள்வித்தாள். கருவி கட்டி இதைத் தீர்க்க வேண்டுமென்றால், சுமையைப் பார்க்கத் தெரிந்த கருவி வேண்டும்.

டென்மார்க்கில் ஹோல்டர்மேன் குழு துப்புரவுத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள் தொடையில் கருவியை ஒட்டி அளக்கிறது. தொடை நிமிர்ந்திருந்தால் நிற்பது, படுத்திருந்தால் உட்கார்வது, மாடிப்படி ஏறுவதும் தனியாகத் தெரியும். மணிக்கட்டைவிட நல்ல இடம். அத்தைக்கும் ஒன்று ஒட்டலாம் என்றிருக்கிறேன். பிளாஸ்டர் அரிக்குமே என்று அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

இதற்கிடையில் மலிவான வழி ஒன்றைப் பிடித்திருக்கிறேன். தோட்டக் காலத்தில் வேலையை மேற்பார்த்த மண்டோரின் புத்தகத்தில் இருந்தது பால் எடை மட்டும்தான். எத்தனை மேடு ஏறினாய் என்று தோட்டம் கேட்டதே இல்லை, கூலி எடைக்குத்தான். என் கருவியோ எடையைத் தவிர மற்றதை எல்லாம் எழுதி வைக்கிறது. இன்றைக்கும் கட்டிப்பால் வாங்குகிறவர் எடை போட்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறார். தேதி, கிலோ, விலை. அத்தை அவற்றைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து, என் அட்டவணையில் மில்லி-ஜிக்குப் பக்கத்தில் கிலோவுக்கு ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். சாலை வரை எத்தனை நடை என்பதைக் கருவி சொல்லிவிடும், கிலோவைச் சீட்டு சொல்லும். இரண்டையும் வகுத்தால் ஒரு நடைக்கு எவ்வளவு சுமை என்று தோராயமாக வந்துவிடுகிறது.

சீட்டுகளைக் கேட்டபோது அத்தைக்கு ஒரே கவலைதான்: பங்குக் கணக்கில் ஏதோ தப்பு கண்டுபிடிக்கப் போகிறேனோ என்று. "பெரியவரு நல்ல மனுசன், வம்பு வளக்காதே" என்றார். வளர்க்கவில்லை. மாதக் கூட்டுத்தொகையை மட்டும் அத்தைக்குத் தனியாக எழுதிக் கொடுத்தேன். அதை அவர் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.